கெட்ட செய்தி உங்களுக்குக் கடைசியாகத்தான் வருகிறதா? தலைமைப் பொறுப்புக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக ஒரு டீமை என்னிடம் ஒப்படைத்த வருடம் அது. ஜூனியர் ஒருவர் வாராவாரம் ஒரு ரிப்போர்ட் தயார் செய்து எனக்கு அனுப்புவார். எப்படியும் அதில் நாலைந்து பிழைகள் இருக்கும். ஒரு கூட்டுத்தொகை உதைக்கும், ஒரு தலைப்பு போன வாரத்துடையதாகவே இருக்கும். நான் ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் திருத்தி, அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், காலையில் மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன். பெரிய மனசு என்று எனக்கு நினைப்பு. மூன்று மாதம் போனதும் அந்த ரிப்போர்ட்டில் சில கட்டங்கள் காலியாகவே வர ஆரம்பித்தன. கூப்பிட்டுக் கேட்டேன். ரொம்ப இயல்பாக, "நீங்க எப்படியும் பார்த்துப்பீங்கல்ல" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதில் என்ன தப்பு? மூன்று மாதமாக நான் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அதைத்தானே.

தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது பற்றிப் பேச்செடுத்தாலே தன்னம்பிக்கை, தொலைநோக்கு, கம்பீரமான குரல் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஒருவர் நல்ல டீம் லீடரா என்று தெரிந்துகொள்ள நான் கேட்பது ஒரே கேள்விதான்: அவருடைய டீமில் ஏதாவது சொதப்பினால், அது அவர் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது? அரை மணி நேரத்தில் வந்தால் நல்லது. கிளையன்ட் போன் போட்டுக் கத்திய பிறகுதான் தெரிகிறது என்றால் நடுவில் எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது, அடைத்தவர் பெரும்பாலும் அவரேதான். கீழே நான் சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசி அந்த வழியை அடைக்கிறவை.

முதலில், என்னுடைய தவறு. வேலையில் கெட்டிக்காரராக இருப்பதால்தான் நம்மைத் தூக்கி மேலே வைக்கிறார்கள். அதனால் மேலே போன பிறகும் அதே வேலையை இன்னும் கொஞ்சம் வேகமாகச் செய்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு 131 நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை அலசியது. நிறைய விற்றவர்களுக்குத்தான் மேலாளர் பதவி கிடைத்திருக்கிறது, அதில் ஆச்சரியமில்லை. ஆனால் முன்பு அதிகம் விற்றவர் மேலாளரானபோது, சராசரியாக அவருக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை இறங்கியிருக்கிறது. விற்கிற திறமை வேறு, விற்க வைக்கிற திறமை வேறு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பிழையான ரிப்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம், நானே செய்தால் பத்து நிமிஷம்" என்று கணக்குப் போடும்போது மட்டும் மறந்துபோகிறது. அந்தக் கணக்கு ஒரு வாரத்துக்குச் சரி. ஒரு வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், ஐம்பத்திரண்டு ராத்திரி. நான் பிறகு செய்தது இவ்வளவுதான்: பிழை இருக்கும் இடத்தில் மஞ்சள் அடித்துத் திருப்பி அனுப்பினேன். என்ன பிழை என்று எழுதவில்லை, கண்டுபிடிக்க வேண்டியது அவர் பொறுப்பு. முதல் இரண்டு வாரம் ரிப்போர்ட் தாமதமாகத்தான் போனது, மேலே இரண்டு திட்டும் வாங்கினேன். அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதும் நம் வேலையில் ஒரு பகுதிதான் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது, எல்லாவற்றிலும் பெரியது என்று நான் நினைப்பது: கெட்ட செய்தி வரும்போது நம் முகம் போகிற போக்கு.

ஒருவர் வந்து, "கிளையன்டுக்குப் பழைய லிஸ்ட் போயிடுச்சுங்க, புதுசு போகலை" என்கிறார். நம் வாயிலிருந்து முதலில் வருவது என்ன? "இதை ஏன் இப்பதான் சொல்றீங்க?" கேட்பதற்கு நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மற்ற ஐந்து பேரும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிற பாடம், "சீக்கிரம் சொல்ல வேண்டும்" என்பதாக இருக்காது. சொன்னால் அடி விழும் என்பதுதான் மனசில் பதியும். அடுத்த முறை ஒருவர் தானே சரி பண்ணிவிடலாம் என்று இரண்டு நாள் மூடி வைப்பார், அந்த இரண்டு நாளில் சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகும். அந்த நேரத்தில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: இப்போது யாருக்குப் பாதிப்பு, என்ன செய்தால் மேற்கொண்டு போகாமல் நிற்கும்? "ஏன்" என்பதை இரண்டு நாள் கழித்து, தனியாக, சூடு ஆறிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போது வருகிற பதிலும் உண்மையாக இருக்கும்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், நாமும் அப்படித்தான் எதிர்பார்ப்போம். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற இடங்களில் தவறுகள் வெளியே வரவே இல்லை. பிறகு 1999-ல் அவர் எழுதிய கட்டுரையால்தான் 'உளவியல் பாதுகாப்பு', அதாவது தவறையோ சந்தேகத்தையோ வெளியே சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கை, என்ற சொல் நிர்வாகத் துறையில் பரவியது. அதனால் உங்கள் டீமில் ஒரு தவறும் நடப்பதில்லை என்று பெருமைப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

"சரி, நான் கத்துகிற ஆள் இல்லையே" என்று சிலர் சொல்லலாம். கத்தத் தேவையே இல்லை. 1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில் டெனரீஃப் விமான நிலைய ஓடுபாதையில், மூடுபனிக்குள், இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அதில் ஒன்று, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்துடையது. புறப்பட முயன்ற அந்த விமானத்தின் கேப்டன் சாதாரண ஆளில்லை. அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவர், அதன் விளம்பரத்தில் படம் வந்த மனிதர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு 747 ஓட்டும் தகுதித் தேர்வை நடத்தியவரும் அவர்தான், அதுவும் சில மாதங்களுக்கு முன்புதான். பணி நேர வரம்பு முடிவதற்குள் கிளம்பியாக வேண்டும் என்ற நெருக்கடி வேறு. முதல் தடவை கேப்டன் எஞ்சினை முடுக்கியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொன்னார், கேப்டனும் நிறுத்தினார். இரண்டாம் தடவை துணை விமானி அவரைத் தடுக்கவில்லை. பின்னால் இருந்த விமானப் பொறியாளர் மட்டும், எதிரே இருக்கும் விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். அதற்கு மேல் அந்த அறையில் யாரும் மறுக்கவில்லை.

கவனியுங்கள், அங்கே யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஒரு மனிதரின் அனுபவமும் பெயருமே மற்ற இருவரின் சந்தேகத்தைச் சின்னதாக்கிவிட்டன. டெனரீஃபும் அதைப் போன்ற விபத்துகளும் கொடுத்த அதிர்ச்சியில், 1979-ல் நாசா நடத்திய ஒரு பயிலரங்கில் தொடங்கி, மேலதிகாரியிடம் சந்தேகத்தைச் சொல்வதையும் கீழே இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதையும் விமானிகளுக்குப் பயிற்சியாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். நம் அலுவலகத்தில் உயிர் போகாது, சரி. ஆனால் நீங்கள் எவ்வளவு திறமைசாலியோ அவ்வளவுக்கு உங்களை மறுத்துப் பேசுவது மற்றவர்களுக்குக் கஷ்டம் என்பது இங்கேயும் அப்படியேதான். மீட்டிங்கில் உங்கள் கருத்தைக் கடைசியாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் வருவதெல்லாம் "ஆமாங்க, நானும் அதைத்தான் நினைச்சேன்" வகைதான்.

"என் கதவு எப்போதும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் வரலாம்" என்கிறவர்களும் உண்டு. யாரும் வர மாட்டார்கள். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டாலும் "ஓகே" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "இந்த வாரம் எந்த வேலை உங்களை ரொம்ப இழுத்தடிச்சுது?" என்று கேளுங்கள். இழுத்தடித்த வேலை என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கும், அதைச் சொல்வது புகார் மாதிரியும் தெரியாது.

பாராட்டை நாம் எடுத்துக்கொண்டு பழியைக் கீழே தள்ளுவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, தப்பு என்று செய்கிறவருக்கே தெரியும். தெரியாமல் நடப்பது ஒன்று உண்டு: மேலே அனுப்புகிற மெயிலில் "நாங்கள் முடித்துவிட்டோம்" என்று எழுதுவது. அந்த 'நாங்கள்' யார் என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது, மெயிலில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஆளின் பெயரைப் போட்டு, அவர் செய்தது இன்னது என்று ஒரு வரி எழுதுங்கள், அவரையும் மெயிலில் சேருங்கள்.

முன்மாதிரியாக இருப்பது என்று வரும்போது, பெரும்பாலானவர்கள் நினைப்பது முதலில் வந்து கடைசியில் போவது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் அனுப்பிவிட்டு, "இப்பவே பார்க்கணும்னு இல்ல" என்று கீழே ஒரு வரி சேர்த்தாலும், டீமில் பாதிப் பேர் அப்போதே பார்ப்பார்கள். லீவை முழுசாக எடுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு உங்கள் லீவில் குரூப்பில் பதில் போட்டால், அவர்கள் பின்பற்றப்போவது எதை? எழுதி வைத்துக் காலை ஒன்பதுக்குப் போகும்படி செட் பண்ணுங்கள், ஒரு குடியும் முழுகிவிடாது. உங்களிடமிருந்து டீம் காப்பியடிப்பது பெரிய விஷயங்களைவிட இப்படிப்பட்ட சின்ன விஷயங்களைத்தான். மீட்டிங்குக்கு ஐந்து நிமிஷம் தாமதமாக வருவது, அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிக் கிண்டலாகப் பேசுவது, ஒருவர் பேசும்போது போனைப் பார்ப்பது என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும்.

சொந்தத் தவறை மறைப்பதும் அந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டீர்களா, எந்த குரூப்பில் சொன்னீர்களோ அதே குரூப்பில், "நான் சொன்ன தேதி தப்பு, 14 அல்ல 17" என்று போட்டுவிடுங்கள். மெசேஜை அழித்துவிட்டுப் புதுசாகப் போட்டால், டீமும் அழிக்கத்தான் கற்றுக்கொள்ளும். இதிலும் அதிகப்படி போகிறவர்கள் இருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் "எல்லாம் என் தப்பு, நான்தான் மோசமான லீடர்" என்று அழாத குறையாகப் பேசி, கடைசியில் டீமே அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அது இன்னொரு தொல்லை.

நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களுக்கே டீம் லீடர் ஆகிறவர்கள் விழுகிற குழி வேறு. நட்பு கெட்டுவிடுமோ என்று சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், ஒருவர் செய்கிற தப்புக்கு எல்லோருக்கும் பொதுவாக மெயில் போடுவார்கள்: "சிலர் வேலையை நேரத்துக்கு முடிப்பதில்லை என்பது கவனத்துக்கு வந்துள்ளது." அந்தச் சிலர் யார் என்று டீமில் எல்லோருக்கும் தெரியும், சம்பந்தப்பட்டவரைத் தவிர. ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான் அதைப் படித்துவிட்டு "என்னையா சொல்கிறார்" என்று தவிப்பார்கள். தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கே, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து நாலு மணிக்குத் தர்றேன்னீங்க, ராத்திரி எட்டுக்குத்தான் வந்துச்சு, அதனால இன்னொருத்தர் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. என்ன ஆச்சு?" இதில் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்திருந்தால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி, எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

உங்களைப் பற்றிய கருத்தைக் கேட்பதிலும் இதே சிக்கல் வரும். "என்கிட்ட ஏதாவது மாத்திக்கணுமா?" என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்பார்கள், அப்ரைசல் நெருங்குகிற மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். "நேத்து மீட்டிங்ல நான் யார் பேச்சையாவது பாதியில வெட்டினேனா?" என்று கேட்டால் ஒரு பதில் வரும். முதலில் வருவது ஒரு சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆழம் பார்ப்பதற்காகப் போடுகிற கல் அது. அதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தீர்களானால் அடுத்த கல் விழாது.

அந்த ரிப்போர்ட் கதையை முடிக்கவில்லையே. மஞ்சள் அடிக்க ஆரம்பித்து நாலு மாதம் இருக்கும், ஒரு சாயங்காலம் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் வந்து நின்றார். "நேத்து அனுப்பினதுல மூணாவது பக்கம் தப்பா இருக்கு. இன்னும் யாரும் கவனிக்கலை. திருத்தி வச்சிருக்கேன், மேலே நானே சொல்லி அனுப்பிடட்டுமா?" என்றார். நேற்று அதை மேலே அனுப்பியது நான். "எப்படி இதை" என்கிற வரைக்கும் என் நாக்கு வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டு, "அனுப்புங்க, நானும் கவனிக்கலைன்னு சேர்த்து எழுதிடுங்க" என்றேன்.