வங்கிக் கொள்ளை, முக்கோணக் காதல், நம்ம ஊரு: ஒரு காமெடிக் குறும்படக் கதை எழுதும் முறை

குறும்படம் எடுக்க வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கதை இது. வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிற இரண்டு பேர், இரண்டு பேருக்கும் ஒரே பெண் மேல் ஆசை, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரணும். கோபிசெட்டிபாளையம் சுற்றுவட்டாரத்தில் நாங்கள் எடுத்த படத்துக்கு நானும் இதையேதான் எழுதினேன். அப்போது கைகொடுத்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். காட்சித் தலைப்பு போடுவது, வசனத்தைப் பிரித்து எழுதுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. காதலைத் தனியாகவும் கொள்ளையைத் தனியாகவும் எழுதி நடுவில் தைத்தால் தையல் தெரியும். காதலுக்காக ஒருத்தன் செய்கிற காரியம் கொள்ளையில் எதையாவது கெடுக்கணும். கொள்ளையில் நடக்கிற கோளாறு காதலில் எதையாவது மாற்றணும். கீழே இருக்கிற எல்லாப் படியும் இதற்காகத்தான்.

படி 1: ஆளுக்கு ஒரு தொழில் கொடுங்கள்

"வேலையில்லாத இரண்டு இளைஞர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். நம்ம பக்கம் தொழிலுக்கா பஞ்சம்? திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி, நாமக்கல் லாரி, கரூர் பஸ் பாடி பட்டறை, திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோட்டு மஞ்சள் மண்டி. ஒவ்வொன்றிலும் ஒரு கொள்ளைத் திட்டம் ஒளிந்திருக்கிறது.

என் தேர்வு போர்வெல் வண்டிதான். ஊர் ஊராகப் போகும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பணத்தை ஒளிக்க இடம் உண்டு. அதோடு, தப்பித்துப் போகிற வழியில் எந்தத் தோட்டத்துக்காரர் வேண்டுமானாலும் கையைக் காட்டி நிறுத்தி "நம்ம காட்டுல ஒரு போர் ஓட்டிக் குடுத்துட்டுப் போங்" என்று சொல்லலாம். மறுத்தால் சந்தேகம் வரும், ஒத்துக்கொண்டால் பொழுது போய்விடும். கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் கூட வந்துவிட்டால் அந்தக் காட்சி தானாக எழுதிக்கொள்ளும்.

படி 2: முறையைத் தீர்மானியுங்கள்

முக்கோணத்துக்கு நம் ஊரில் ஒரு கட்டுமானம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு பேரையும் பங்காளிகள் ஆக்குங்கள். பெரியப்பா மகன் கதிர், சித்தப்பா மகன் மணி. பூங்கொடி இவர்களுக்கு மாமன் மகள். இப்போது இரண்டு பேருமே அவளுக்கு முறைப்பையன், இரண்டு பேருமே "மாமா". அண்ணன் கதிருக்கு ஆகாமல் தம்பி மணி வாயைத் திறக்க முடியாது. அதனால் மணியின் காதல் ரகசியமாகத்தான் இருக்க முடியும். இதற்கு நீங்கள் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

மாமன் மச்சானாக வைத்தால் கதை வேறு திசைக்குப் போகும். ஒருவனுக்கு முறையாகிறவள் மற்றவனுக்குத் தங்கச்சி முறை ஆகிவிடலாம், அப்புறம் முக்கோணம் எங்கே? எழுதுவதற்கு முன் ஒரு தாளில் உறவுப் படம் வரைந்து, வீட்டில் ஒரு ஆத்தாவிடம் காட்டுங்கள். சாதிப் பெருமை பேசும் வசனம் மட்டும் வேண்டாம். முறை என்கிற கணக்கே போதும், அதிலேயே சிரிப்பு இருக்கிறது.

பூங்கொடிக்கும் சொந்தமாக ஒரு தேவை இருக்கணும். என் கதையில் அவள் வங்கிக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் கல்லாவில் இருக்கிறாள். அம்மாவின் நகை அந்த வங்கியில் அடமானத்தில் இருக்கிறது, ஏல நோட்டீசு வந்துவிட்டது. அதை மீட்பதுதான் அவள் கதை. இவன்கள் இரண்டு பேரும் அதற்குள் வந்து மாட்டுகிறவர்கள்.

படி 3: வங்கிக்குள்ளே என்ன இருக்கிறது

இதைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். வங்கி ஊழியர் ஒருவர் பார்த்தாலும் தலையாட்டணும்.

ஸ்ட்ராங் ரூம் ஒரு சாவியில் திறக்காது. இரண்டு அதிகாரிகளிடம் ஆளுக்கொரு சாவி இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வங்கிக்காரர்கள் இதை ஜாயிண்ட் கஸ்டடி என்பார்கள். உங்கள் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கதிர் கையில் ஒரு சாவி, மணி கையில் ஒரு சாவி, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அடமான நகை தனித்தனிப் பையில் இருக்கும், பையில் கடன் எண் இருக்கும். இது பின்னால் உதவும்.

பணத்தின் எடையை மறக்காதீர்கள். ஒரு கோடி ரூபாய் 500 ரூபாய்த் தாளில் 20,000 தாள், நூறு தாள் கொண்ட கட்டாக 200 கட்டு, இருபது கிலோவுக்கு மேல் வரும். ஒற்றைக் கையில் சூட்கேசை வீசிக்கொண்டு ஓடுகிற காட்சியை வெட்டிவிடுங்கள்.

கிழமையும் முக்கியம். 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி போடுவது சனிக்கிழமை. அதனால் அந்த வாரம் வெள்ளிக்கிழமையே பணம் எடுக்க ஆள் வந்து நிற்பார்கள். போர்வெல் வண்டியிலேயே வருசம் பூராவும் சுற்றுகிற கதிருக்கும் மணிக்கும் இது எப்படித் தெரியும்? கூட்டம் இருக்காது என்று நினைத்து அதே வெள்ளிக்கிழமை வருகிறார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிடுகிறது.

படி 4: யாருக்கு என்ன தெரியும்

என்னை நாள்கணக்கில் நிறுத்தி வைத்த படி இது, அதனால் கொஞ்சம் விரிவாக.

இந்த மாதிரிக் கதைகள் நடுவில் சுணங்குவதற்குக் காரணம், இரண்டு ஆண்களுக்கும் எல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடுவது. தெரிந்துவிட்டால் அப்புறம் சண்டைதான் நடக்கும். சண்டை இரண்டு காட்சிக்குத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. ஆகவே தெரியாமையைச் சேமித்து வைக்கணும். யார் எதைத் தெரியாமல் இருக்கிறார் என்பதை எழுத்தில் வைக்காமல் இதைச் செய்ய முடியாது.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: கதிர், மணி, பூங்கொடி, பார்ப்பவர். ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் அவரவர் கட்டத்தில் புதிதாகத் தெரிந்ததை எழுதுங்கள். நான்கு கட்டத்திலும் ஒன்றும் மாறவில்லையா, அந்தக் காட்சி எவ்வளவு பிடித்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். பார்ப்பவர் கட்டம் எப்போதும் குறைந்தது ஒரு ஆளுக்கு முன்னால் ஓடணும்.

என் கதையில் இப்படி ஓடியது. கதிர் அவளை வண்டியில் ஏற்றி வங்கியில் இறக்கிவிட்டபோது ஏல நோட்டீசைப் பார்த்துவிடுகிறான். கடன் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறான். மணிக்கு வேறு வழி:

மணி: அம்மிணி, அந்த நோட்டீசுல என்னமோ நம்பரு இருந்துச்சே, சித்த சொல்லேன்.
பூங்கொடி: எதுக்குங் மாமா?
மணி: சும்மாதான். ராசியான நம்பரான்னு பாக்கலாம்னு.

இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: பணத்தோடு அவள் நகைப்பையையும் எடுத்துவந்து, "நாந்தான் கொண்டாந்தேன்" என்று கொடுக்கணும். மற்றவனுக்குத் தெரியாது. பார்ப்பவருக்கு இரண்டும் தெரியும். இப்போது ஸ்ட்ராங் ரூமுக்குள் அவர்களை விடுங்கள்:

கதிர்: ஏன்டா, பணத்தக் கட்டாம அங்க என்ன பையப் பொரட்டீட்டு இருக்கற?
மணி: நீங்க என்னண்ணா பண்றீங்? உங்க கையிலயும் பைதான இருக்குது?

பணம் அப்படியே கிடக்கிறது, நேரம் போகிறது. காதல் கொள்ளையைக் கெடுத்துவிட்டது. இதற்கு மேல் இன்னொரு கட்டம். அன்று காலையிலேயே பூங்கொடி ஏலச்சீட்டு எடுத்த பணத்தைக் கட்டி நகையை மீட்டுக்கொண்டு போய்விட்டாள். அதை மணி, கதிர் இருவரும் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பவருக்கு மட்டும் காட்டுங்கள். இல்லாத பைக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பார்க்கும்போது அரங்கில் சிரிப்பு வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. அந்த இரண்டும் ஒன்றாக வரும் இடத்துக்காகத்தான் நான் இந்த வகைக் கதையையே எழுதுகிறேன்.

அவள் யாரைக் கட்டிக்கொள்வாள், கட்டிக்கொள்வாளா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் அந்த முடிவை அவளே செய்து காட்டணும். ஆண்கள் இருவரும் பேசி விட்டுக்கொடுத்துக்கொள்கிற முடிவை வைக்காதீர்கள். அவள் ஒன்றும் வரப்புத் தகராறு இல்லை.

படி 5: வசனம்

கொங்குப் பேச்சில் மரியாதை எங்கேயும் விலகாது. கொள்ளையிலும் விலகக் கூடாது.

கதிர்: அல்லாரும் சித்த எந்திரிச்சு அந்தச் செவுத்துப் பக்கம் போங்க. பெரியவரே, நீங்க உக்காருங், பரவால்லீங்.
பெரியவர்: தம்பி, எனக்கு டோக்கன் நாப்பத்திரெண்டுங். கூப்புட்டா ஒரு சத்தம் குடுங்.

ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் "ங்" ஒட்டினால் அது கேலியாகிவிடும். கதிர் பெரியவரிடம் பேசும் பேச்சு வேறு, மணியிடம் பேசும் பேச்சு வேறு. எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள், சந்தையில் நின்று ஒரு மணி நேரம் காது கொடுங்கள்.

கருவிகள்

முதல் வரைவு கையால், கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில். நான்கு கட்டக் கணக்கு திரையில் பார்த்தால் புரியாது, விரித்துப் போட்டுப் பார்க்கணும். அடுத்து கூகுள் டாக்ஸ், தமிழ்99 விசைப்பலகை. விலை கொடுத்து வாங்கும் திரைக்கதை மென்பொருள் முதல் குறும்படத்துக்குத் தேவையே இல்லை. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிற கணக்கைத் தமிழில் நம்பாதீர்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு பக்கம் மாறும். போனில் நேரம் வைத்து வாசித்துப் பார்ப்பதுதான் கணக்கு. படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும்.

வங்கிக்குள் எடுக்க அனுமதி கிடைப்பது கஷ்டம். பழைய சொசைட்டிக் கட்டடம், கல்யாண மண்டப ஆபீசு ஏதாவது ஒன்றில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் போதும். வாய்க்கால் ஓரம் துரத்தல் எடுப்பதாக இருந்தால் ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள். பாதியைக் காய்ந்த வாய்க்காலிலும் மீதியைத் தண்ணீரிலும் எடுத்தால் ஒட்டாது.

பின்சேர்க்கை 1

"இன்ஸ்பெக்டர் என்ன செக்‌ஷன் சொல்லணும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது, பழைய சட்டத்தின் 392 என்று வசனம் வைக்காதீர்கள். கொள்ளைக்கு 309. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, அது 310. உங்கள் கதையில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு எழுதுங்கள்.

பின்சேர்க்கை 2

கலர் பிரிண்டரில் ரூபாய்த் தாள் அடித்ததாக ஒரு தம்பி எழுதியிருந்தார். உடனே கிழித்துப் போடுங்கள் கண்ணு. ரூபாய்த் தாள் மாதிரித் தோன்றுகிற எதையும் அச்சிடுவது சட்டப்படி குற்றம், படத்துக்காகவே என்றாலும் அப்படித்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று நிஜத் தாள் வைத்து, நடுவில் அதே அளவுக்கு வெட்டிய வெள்ளைத் தாளைக் கட்டி, காகிதப் பட்டை சுற்றுங்கள். கேமராவைப் பக்கவாட்டில் கொண்டுபோகாதீர்கள். பொம்மைத் துப்பாக்கியோடு தெருவில் எடுப்பதாக இருந்தால் முந்தின நாளே உள்ளூர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நகலை ஷூட்டிங்கில் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருங்கள்.