சென்னைப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புவோர் துறையைத் தேர்ந்தெடுக்கும் முறை

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிப்பதாகச் சொல்லும் மூவரில் ஒருவர் இணைப்புக் கல்லூரியிலும், ஒருவர் பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறையிலும், இன்னொருவர் தொலைதூரக் கல்வியிலும் பயின்றுகொண்டிருக்கக்கூடும். பட்டத்தை வழங்குவது ஒரே பல்கலைக்கழகமானாலும் வகுப்பறையும் ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் வேறு வேறு என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே நாம் தேடுவது எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் இணைப்புக் கல்லூரிகளே வழி. வளாகத் துறைகளில் முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வுமே முதன்மையானவை. பொறியியலை நாடுவோர் 1978இல் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகத்தை அணுக வேண்டும்.

1857இல் நிறுவப்பட்ட இப்பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் நகரில் பல இடங்களில் பரவியுள்ளன. வரலாறு, பொருளியல் போன்ற துறைகளும் கணிதத்துக்கான இராமானுசன் உயர்கல்வி நிறுவனமும் சேப்பாக்கத்தில் இருக்கின்றன. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், அரபு முதலிய மொழித்துறைகள் மெரினா வளாகத்திலும், இயற்பியல், வேதியியல், உயிரியல் துறைகள் கிண்டியிலும், அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணியிலும் உள்ளன. தங்குமிடம் தேடும்போது இதை மறந்துவிட்டால் தினமும் நெடுந்தூரம் அலைய நேரிடும்.

துறையின் ஆய்வு மரபை அறிவது மிக முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. 1952இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி. என். இராமச்சந்திரன், 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழைகள் முறுக்கிய வடிவத்தை முன்மொழிந்தார். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடிய முடியும் என்று காட்டும், 1963இல் வெளிவந்த இராமச்சந்திரன் வரைபடத்தை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் உலகெங்கும் பயில்கிறார்கள். இப்பெருமை உண்மையானது. ஆயினும் உங்களுக்கு வழிகாட்டப்போகிறவர் இன்று அங்கே பணியாற்றும் பேராசிரியர்தான். எனவே நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கடந்த சில ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள் எவை, யாரிடம் ஆய்வு மாணவர் இடம் காலியாக உள்ளது என்பவற்றைத் துறைப் பக்கத்தில் பார்த்துவிட்டு, வேலை நாளொன்றில் நேரில் சென்று, அங்கே படிக்கும் ஆய்வு மாணவரிடம் விசாரியுங்கள். நூலகத்துக்குள்ளும் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தால், கையேட்டில் இல்லாத பலவும் புரியும்.

சேர்க்கை முறையும் கடைசி நாளும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அவ்வாண்டு அறிவிக்கையை முழுமையாகப் படிக்க வேண்டும். மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்கீழ் விண்ணப்பிப்போர் சாதிச் சான்றிதழை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள், மாற்றுச் சான்றிதழுடன் அந்தப் பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கும் (மைக்ரேஷன் சர்டிபிகேட்), இறுதித் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.