போர் போட்ட எஞ்சினுக்கு முதல் ஆயில்: தேர்ந்தெடுக்கும் முறை

தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சற்று அகலமாக்கி (இதுதான் போர் போடுவது), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் அதைச் சுற்றிப் புதிய ரிங்குகளும் பூட்டிய எஞ்சினில் முதன்முதலாக ஊற்றும் ஆயிலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு பொருந்துவதற்குத் தேவையான சிறு தேய்மானத்துக்கு அது இடம் கொடுக்க வேண்டும். அப்போது உதிரும் உலோகத் தூளைச் சுமந்துகொண்டு விரைவில் வெளியேறவும் வேண்டும். ஆகவே விலை உயர்ந்த ஆயிலை ஊற்றி நீண்ட நாள் ஓட்டுவதைவிட, தரமான மினரல் ஆயிலை (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்யும் சாதாரண ஆயிலை) ஊற்றிச் சீக்கிரம் மாற்றுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பலரிடமும் இருக்கும் 100 சிசி ஹீரோ ஸ்ப்ளெண்டர் பைக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

முதல் படி: கிரேடு

வண்டியோடு வந்த கையேட்டில் குறிப்பிட்ட கிரேடையே, அதாவது கெட்டித்தன்மைக் குறியீடு உள்ள ஆயிலையே, வாங்குங்கள். ஸ்ப்ளெண்டருக்கு அது 10டபிள்யூ-30. “எஞ்சின் வேலை பார்த்த வண்டி, கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை ஏற்க வேண்டாம். கெட்டியான ஆயில், தேய்ந்து இடைவெளி கூடிப்போன எஞ்சினுக்குச் செய்யும் தற்காலிகச் சமாளிப்பு. நீங்களோ பணம் செலவழித்து அந்த இடைவெளியைத்தான் சரிசெய்திருக்கிறீர்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கெட்டியான ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் வரை போய்ச் சேரத் தாமதமாகும். புதிதாகப் பூட்டிய பாகங்களுக்கு அந்தத் தாமதம் நல்லதல்ல.

டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மையையும், அதாவது கெட்டித்தன்மையையும், குறிக்கும். அந்தச் சூட்டில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ளும் (பாகுத்தன்மையின் அலகு), 50 கிரேடு 16.3 முதல் 21.9க்குள்ளும் இருக்கும். இது தரத்தின் அளவுகோல் அன்று. எந்த எஞ்சின் எதற்காக வடிவமைக்கப்பட்டது என்பதே கேள்வி. யூசிஇ (எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) எஞ்சின் உள்ள ராயல் என்ஃபீல்டு 350க்கு 15டபிள்யூ-50 பொருந்துவதும் இதனால்தான்.

இரண்டாம் படி: ஜாசோ முத்திரை

டப்பாவின் பின்புறத்தில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ப்ளெண்டரில் எஞ்சின், கியர், கிளட்ச் பிளேட்டுகள் மூன்றும் ஒரே ஆயிலில்தான் இயங்குகின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உண்டு. அவற்றை ஊற்றினால் கிளட்ச் வழுக்கி, ஆக்சிலேட்டரை முறுக்கும்போது சத்தம் ஏறுமே தவிர வேகம் ஏறாது. எம்பி முத்திரை, ஆயிலில் நனையாத கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கு உரியது. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கியர் பாக்ஸும் கிளட்ச் கேஸும் தனித்தனி ஆயில் கொண்டவை என்பதால், அவற்றின் அளவையும் தனியே பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: மினரலா, சிந்தெடிக்கா

போர் போட்டபின் சாணைக்கல்லால் உள்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் முடிந்து வந்த சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், உள்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். கொத்திய அம்மியைப் போல அந்தச் சொரசொரப்பு வேண்டுமென்றே செய்யப்படுவது; அதன் பள்ளங்கள் ஆயிலைப் பிடித்துவைக்கின்றன, மேடுகள் ரிங்கைத் தேய்த்துப் பதியவைக்கின்றன. ரிங் பதிவதற்குள் மேடுகள் மழுங்கிவிட்டால், எஞ்சின் ஆயில் குடித்துக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையிலேயே சிந்தெடிக் (வேதிமுறையில் தயாரித்த, விலை கூடிய ஆயில்) ஊற்றி வரும் வண்டிகள் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிலிண்டர்களின் மேற்பரப்பு அதற்கேற்ற நுட்பத்தோடு முடிக்கப்பட்டது. லேத் பட்டறையில் போர் போட்ட இரும்பு ஸ்லீவுக்கு மினரலே பாதுகாப்பான தேர்வு. உராய்வைக் குறைப்பதாக விற்கப்படும் சேர்மானக் குப்பிகள் எதையும் சேர்க்காதீர்கள்.

நான்காம் படி: ஊற்றுதல்

கையேட்டில் இரண்டு அளவுகள் இருக்கும்: வடித்து மாற்றும்போது ஒன்று, எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது சற்றுக் கூடுதலாக ஒன்று. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ஸ்ப்ளெண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. வலைச் சல்லடையும், சுழற்சியால் அழுக்கை ஒதுக்கும் ஃபில்டரும் மட்டுமே. பூட்டும் முன் இரண்டையும் கழுவச் சொல்லுங்கள். ஊற்றியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவைத்து, சில முறை கிக்கரை மிதித்தால் ஆயில் பம்ப் நிரம்பும். டிப் ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து அளவு பாருங்கள்.

ஐந்தாம் படி: மாற்றுதல்

முதல் 50 கிலோமீட்டரிலேயே, எஞ்சின் சூடாக இருக்கும்போது வடித்துவிடுங்கள். வெள்ளைத் தட்டில் பிடித்துப் பார்த்தால் சாம்பல் நிற மினுமினுப்பு தெரியும், அது இயல்பு. விரலில் நெருடும் துணுக்குகள் வந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; காந்தத்தில் ஒட்டாதது அலுமினியமாக, அதாவது பிஸ்டனிலிருந்து உதிர்ந்ததாக இருக்கக்கூடும்.

மீண்டும் அதே மினரல் ஆயிலை ஊற்றி 500 கிலோமீட்டரில் ஒரு முறையும், 1500இல் ஒரு முறையும் மாற்றுங்கள். இடையில் வாரம் ஒரு முறை அளவு பாருங்கள். 1500க்குப் பிறகு அளவு குறையாமலும் சைலன்சரில் நீலப் புகை இல்லாமலும் இருந்தால் ரிங் பதிந்துவிட்டது என்று கொள்ளலாம். சிந்தெடிக்குக்கு மாற விரும்புபவர்கள் அதன்பின் மாறலாம். அப்போதும் அதே 10டபிள்யூ-30, அதே ஜாசோ எம்ஏ முத்திரை.