ஆஸ்துமாவுக்கு நரம்புல கரண்ட்: டெஸ்ட் பண்றவங்க எங்க கோட்டை விடுறாங்க?

கழுத்துல ஓடுற வேகஸ் நரம்புக்கு லேசா கரண்ட் குடுத்தா மூச்சுக்குழாய் விரியும்னு ஒரு ஐடியா ரொம்ப வருஷமா டெஸ்ட்ல இருக்கு, கினிப்பன்றிங்ககிட்ட வேலை செஞ்சிருக்கு, மனுஷங்ககிட்ட சின்னச் சின்ன ட்ரையல் நடந்திருக்கு. ஐடியாவ நான் குறை சொல்லல, அதை அளக்குற விதத்துலதான் வில்லங்கமே.

முதல் தப்பு, "இப்ப எப்படி இருக்கு?"ன்னு பேஷண்டைக் கேட்டு அதையே ரிசல்ட்டுன்னு எழுதிக்கிறது. 2011-ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஸ்டடில நிஜ சல்புடமால் (மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து) இன்ஹேலர், டம்மி இன்ஹேலர், டம்மி அக்குபங்சர், எதுவுமே குடுக்காம சும்மா உக்கார வைக்கிறதுன்னு நாலையும் அதே ஆளுங்களுக்கே மாத்தி மாத்தி செஞ்சு பாத்தாங்க. வாயால கேட்டப்போ நிஜ மருந்துக்கு 50% தேவலைன்னாங்க, டம்மி ரெண்டுக்கும் 45, 46%! ஆனா குழாய்ல ஊத வெச்சு முதல் செகண்ட்ல எவ்ளோ காத்து வருதுன்னு அளந்தா, நிஜ மருந்துக்கு 20% ஏறிச்சு, மத்த மூணுக்கும் 7% பக்கம்தான். சும்மா உக்காந்தவங்களுக்கும் அதே அளவுங்கறத கவனிங்க.

அதனால டம்மி மெஷின் கண்டிப்பா வேணும், அதுவும் சுருசுருன்னு ஏதாவது பண்ணணும். நிஜ கரண்ட் பாஞ்சா சில பேருக்கு உதட்டோரம் இழுக்கும், டம்மி கம்முனு கிடந்தா யாருக்கு எதுன்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிரும், அப்புறம் என்ன டெஸ்ட்டு?

எமர்ஜென்சில நெபுலைசரும் ஸ்டீராய்டும் குடுத்துட்டு கூடவே கரண்டும் வெச்சு, மூச்சு சரியானதும் பேரை மெஷினுக்குக் குடுக்கிறதும் நடக்கும். விடியக்காலைல இறுக்கம் அதிகம், மத்தியானம் தானா குறையும், ஸோ காலைல ஒரு அளவு மத்தியானம் ஒரு அளவுன்னு எடுத்தா எந்த மெஷினும் ஜெயிக்கும்.

கரண்டைக் கூட்டினா பலனும் கூடும்னு நினைக்காதீங்க. மூச்சுக்குழாயைச் சுருக்குற சிக்னல் போறதே இதே நரம்பு வழியாத்தான், ஆஸ்துமாவுக்குக் குடுக்குற இப்ராட்ரோபியம் மருந்து அந்த சிக்னலைத்தான் தடுக்குது. அதனால கரண்டை ஓவரா ஏத்தினா குழாய் சுருங்கவும் வாய்ப்பு இருக்கு.

2020 ஜூலைல அமெரிக்க எஃப்டிஏ (மருந்து, மருத்துவ மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்குற அரசு அமைப்பு) காமாகோர்ங்கற, கழுத்துல வெச்சு வேகஸ் நரம்புக்கு கரண்ட் குடுக்குற மெஷினுக்கு, கோவிட் இருந்தோ இருக்கலாம்னு சந்தேகமோ இருந்து ஆஸ்துமா மூச்சுத்திணறலும் உள்ளவங்களுக்குன்னு அவசரகால அனுமதி குடுத்துச்சு. அது முழு அப்ரூவல் கிடையாது, ஆனா முழு அப்ரூவல்னுதான் ஷேர் பண்றாங்க.

முதுகுவலிக்கு வாங்கின டென்ஸ் மெஷினை (தோல்ல பேட் ஒட்டி லேசா கரண்ட் குடுக்குறது) எடுத்து கழுத்து முன்பக்கம் ஒட்டுறது இருக்கே, அது படு டேஞ்சர்: பிபி இறங்கலாம், இதயத்துடிப்பு குறையலாம், தொண்டை இறுகலாம். பேஸ்மேக்கர் இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. வீசிங் வந்தா முதல்ல கை போக வேண்டியது இன்ஹேலருக்குத்தான்.