காலத்தை அலகு மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் பார்த்தேன்: "2.75 மணி = 2 மணி 75 நிமிடம்." பெருக்கல், வகுத்தலில் கெட்டிக்காரப் பெண் அவள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நூறில் 75 பங்கு. மணியோ அறுபதாகப் பிரிவது. இதை யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்லித் தரவில்லை. 0.75-ஐ 60-ஆல் பெருக்கினால் 45 நிமிடம். அவ்வளவுதான்.

பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இதே தவறைத் தலைகீழாகச் செய்கிறார்கள். திதி முடிவு நாழிகை 17.30 என்று அச்சிட்டிருந்தால், அந்தப் புள்ளி தசமப் புள்ளி ஆகாது. அது 17 நாழிகை 30 விநாழிகை. 60 விநாழிகை ஒரு நாழிகை என்பதால் மொத்தம் பதினேழரை. நாழிகைக்கு 24 நிமிடம் வீதம் 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். கால்குலேட்டரில் 17.30 என்றே தட்டி 24-ஆல் பெருக்குபவருக்கு ஐந்து நிமிடம் குறைந்துவிடும். எண்ணத் தொடங்குவதும் நள்ளிரவிலிருந்து அல்ல, சூரிய உதயத்திலிருந்து. உதயம் காலை 6.04 என்றால் திதி முடிவது பகல் 1.04-க்கு.

விநாடிக்குக் கீழே போனால் அறுபது மறைந்து ஆயிரம் வந்துவிடுகிறது: மில்லி, மைக்ரோ, நானோ, பிக்கோ என ஒவ்வொன்றும் முந்தையதில் ஆயிரத்தில் ஒன்று. பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் இங்கேதான் அதிகம். ஒரு படி அரிசியை ஆழாக்கால் அளந்தால் எட்டு முறை அளக்க வேண்டும். அலகு சிறுத்தால் எண் பெருக்கும். விடை அதற்கு எதிராக வந்தால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்.

கணினிகள் பல, 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை எண்ணியே தேதி சொல்கின்றன. 170 கோடி விநாடி என்றால் 2023 நவம்பர் 14. அதே எண்ணை மில்லி விநாடி என்று நிரல் எடுத்துக்கொண்டால் 1970 ஜனவரி 20 என்று காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாததால் வரும் வினை இது.

எனக்கு மனம் கனக்கும் உதாரணம் ஒன்று உண்டு. 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். அங்கிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரம், விநாடியில் பத்தில் ஒரு பங்கை ஓர் எண்ணாக எண்ணியது. அதை விநாடியாக்க 0.1-ஆல் பெருக்க வேண்டும். 0.1-ஐ இரும எண்ணில் எழுதினால் அது முடிவில்லாமல் நீளும். 24 பிட்டோடு, அதாவது 24 இரும இலக்கங்களோடு, வெட்டிவிட்டார்கள். ஓர் எண்ணுக்கு ஏற்பட்ட இழப்பு சுமார் 0.000000095 விநாடி. யாருக்கும் பெரிதாகத் தெரியாத அளவு. ஆனால் அமைப்பு 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியிருந்தது; 36 லட்சம் எண்ணிக்கை. பிசகு 0.34 விநாடியாக வளர்ந்தது. அந்த நேரத்துக்குள், தாக்க வந்த ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தடுப்பு அமைப்பு அதைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். மிகச் சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்கு ஏறும்போது நடுவழியில் தசமங்களை வெட்டாதீர்கள். கடைசி வரியில் முழுமையாக்கினால் போதும்.

பெரிய எண்களில் நம்மவர்களுக்கே உரிய சிக்கல், பில்லியனைக் கோடியாக எழுதிவிடுவது. ஒரு பில்லியன் என்பது 100 கோடி. பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள். அதை 4.54 கோடி என்று எழுதினால், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த டைனோசர்கள் பூமி பிறப்பதற்கு முன்பே போய்விட்டன என்றாகும். ஒளியாண்டு தூரத்தின் அளவு, காலத்தின் அளவல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விடையைச் சரிபார்க்க நான் இரண்டு எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். பத்து லட்சம் விநாடி என்பது பதினொன்றரை நாள். நூறு கோடி விநாடியை ஒருவர் கடப்பது, தம் 32-வது பிறந்தநாளுக்கு ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு முன்பு.