திருநங்கை, திருநம்பிகளுக்கு டயட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்களிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வந்த இரண்டு பெண்களும் கெட்டிக்காரிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) சத்து அட்டவணை முழுக்க மனப்பாடம். ஆனால் காட்பாடி பக்கமிருந்து வந்த ஒரு திருநம்பிக்கு (பிறப்பில் பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்பவர்) அவர்கள் எழுதிய சார்ட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு, அதே இடத்தில் இருந்தது.

பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது, முகம் சுளிப்பது, வரிசையில் நிற்கவைத்து "நீங்க ஆணா பொண்ணா" என்று கேட்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைத் தப்பு என்று சொல்லித்தர வேண்டியவர் நோயாளி எதிரில் உட்காரவே கூடாது. நல்ல மனசோடு உட்கார்ந்தும் நாம் செய்கிற தவறுகள்தான் என் கவலை.

சீட்டில் இருக்கும் ஆண்/பெண்ணை வைத்து ரிப்போர்ட் படிப்பது

அவருக்கு அப்போது 26 வயது. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை. இரண்டு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஊசி. "ரொம்ப அசதியா கீதுக்கா, படி ஏறினா மூச்சு வாங்குது" என்றார். ஓ.பி. சீட்டில் 'பெண்' என்று இருந்தது. ஹீமோகுளோபின் 12.2. பக்கத்தில் அச்சடித்த அளவு 12 முதல் 15. 'குறைவு' என்று காட்டும் அம்புக்குறி இல்லை. நான் 'நார்மல்' என்று எழுதி, நைட் ஷிஃப்ட்தான் காரணம் என்று சொல்லி, முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் எழுதி அனுப்பினேன்.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது ஹீமோகுளோபின் 7.9. மூலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, முதல் தடவை வந்தபோதே. துணியைக் கழற்றிப் பரிசோதிப்பார்களே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. "நீங்க நார்மல்னு சொன்னீங்களேக்கா. அதான் ரத்தம் போறது பெருசில்லன்னு வுட்டுட்டேன்" என்றார். அந்த வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது.

நடந்தது இதுதான். டெஸ்டோஸ்டிரோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி ரத்தச் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும். ஊசி ஆரம்பித்துச் சில மாதங்களில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கான அளவுக்கு ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் ரத்தசோகைக்கு எல்லை பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. இரண்டு வருஷம் ஊசி போட்டவருக்கு 12.2 என்றால் ரத்தம் எங்கோ போகிறதா, இரும்புச்சத்து உள்ளே சேரவில்லையா என்று பார்க்க வேண்டும். நான் பெண்களுக்கான அளவு இருக்கும் தப்பான பத்தியைப் பார்த்தேன். போன மாதம் இன்டர்ன்கள் பார்த்ததும் அதே பத்திதான். எண் மட்டும் 12.6.

எனக்கு எரிச்சல் வருவது இன்டர்ன்கள் மேல் அல்ல. லேப் கம்ப்யூட்டர் பதிவில் இருக்கும் பாலினத்தைப் பார்த்து அளவை அச்சடிக்கிறது, நாம் அதன் அம்புக்குறியைப் பார்த்துச் சாப்பாடு எழுதுகிறோம். இதன் மறுபக்கமும் உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோடு ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரையும் எடுக்கும் திருநங்கைக்கு ஹீமோகுளோபின் பெண்களின் அளவுக்கு இறங்கும். சீட்டில் 'ஆண்' என்றிருந்தால் 12.5-க்கே அம்புக்குறி விழும், அவசியமில்லாமல் இரும்புச்சத்து மாத்திரை போகும். ஊசி போடும் திருநம்பிக்கு 17-க்கு மேல் ஏறியிருந்தால் அது சத்துக்கு அடையாளம் இல்லை. ரத்தம் கெட்டியாகிறது, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

ஆளுக்கு ஒரு பத்தி என்று நினைப்பதுதான் கோளாறு. ஒவ்வொரு எண்ணும் உடம்பில் வேறு வேறு விஷயத்தைப் பொறுத்தது. ஹீமோகுளோபினுக்கு ஹார்மோன். இரும்புச்சத்துத் தேவைக்கு மாதவிடாய்: 2020 ஐ.சி.எம்.ஆர். பரிந்துரையில் பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. ஆதாரில் 'ஆண்' என்று மாற்றி, மீசையும் வைத்திருக்கும் திருநம்பிக்கு மாதவிடாய் வந்துகொண்டிருந்தால் அவருக்கு 29-தான். எலும்புக்கு, உடம்பில் ஏதாவது ஒரு பாலின ஹார்மோன் போதுமான அளவு ஓடுகிறதா என்பது முக்கியம். விதைப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜனும் எடுக்காத திருநங்கைக்கு எலும்பு தேயும். கால்சியமும் பாலும் மட்டும் அதை ஈடுகட்டாது.

அதனால் நான் முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன். "ரிப்போர்ட்டைச் சரியா படிக்கத்தான் கேக்குறேன். ஹார்மோன் எடுக்குறீங்களா? எது, எத்தனை மாசமா? டாக்டர் எழுதினதா, மெடிக்கல்ல நீங்களே வாங்கினதா?" கடைசிக் கேள்வியை விடக்கூடாது. கருத்தடை மாத்திரையைத் தாங்களாகவே ஹார்மோனாகச் சாப்பிடும் திருநங்கைகள் நிறைய. பிறகு மாதவிடாய், ஆபரேஷன். கடைசியாக, எல்லாரிடமும் கேட்கிற அதே குரலில், எங்கேயாவது ரத்தம் போகிறதா என்று. மூன்று நிமிஷம் ஆகும்.

பாடத்திட்டத்தில் இது இல்லை. சென்னை உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2021-ல் தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவப் பாடநூல்களில் இந்தச் சமூகத்தை இழிவாகச் சொல்லும் பகுதிகளைத் தவிர்க்கும்படி கல்லூரிகளுக்கு எழுதியது. அது டாக்டர் படிப்புக்கு. நான் டயட்டெடிக்ஸ் படித்த மூன்று வருஷத்தில் 'திருநங்கை' ஒரே இடத்தில்தான் வந்தார்: எச்.ஐ.வி. பாடத்தில், ஆபத்து அதிகமுள்ள கூட்டம் என்ற தலைப்பின் கீழ்.

கலோரிக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது

ஓய்வில் உடம்பு செலவிடும் கலோரியைக் கணக்கிடும் மிஃப்லின் சூத்திரத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 166 கலோரி. இரண்டரை இட்லி. ஏதாவது ஒன்றில் ஆரம்பித்து, அடுத்த மாத எடையைப் பார்த்துத் திருத்துங்கள்.

"இளைச்சிட்டீங்களே, சூப்பர்!"

குடியாத்தம் பக்கத்துப் பிள்ளை, கல்லூரி முதலாண்டு. ஆறு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 41. அம்மா கூட வந்திருந்தார். முதலில் பார்த்த இன்டர்ன் "நல்லா இளைச்சிருக்கீங்க" என்றாள். அம்மாவை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கேட்டேன்: "எடை குறைஞ்சதுல உங்களுக்கு எது நிம்மதியா இருக்கு?" வெகுநேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மாசா மாசம் வர்றது நின்னுடுச்சுக்கா. நெஞ்சும் தெரியல."

சாப்பாடு ரொம்பக் குறைந்தால் உடம்பு மாதவிடாயை நிறுத்திவிடும். அதைத் தெரிந்துகொண்டு பட்டினி கிடக்கும் திருநம்பிகள் இருக்கிறார்கள். நம் பாராட்டு அந்தப் பட்டினிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. இவரிடம் சத்துப் பட்டியலை நீட்டிப் பயனில்லை. மாதவிடாயை நிறுத்த மருந்து உண்டு, பட்டினி தேவையில்லை என்று சொல்லி, ஹார்மோன் டாக்டரிடமும் மனநல டாக்டரிடமும் அனுப்ப வேண்டும். வீட்டில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அவரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் அம்மாவை உள்ளே கூப்பிட வேண்டும்.

நாற்பது நாளுக்குள் பால் எழுதுவது

ஆண்குறியையும் விதைப்பையையும் அகற்றும் ஆபரேஷனைத் திருநங்கைகள் நிர்வாணம் என்பார்கள். நாற்பதாம் நாள் பால் ஊற்றும் சடங்கு. பல வீடுகளில் அதுவரைக்கும் பால் கிடையாது. இது தெரியாமல் பன்னிரண்டாம் நாள் வந்தவருக்கு 'பால் 200 மி.லி., காலை, இரவு' என்று எங்கள் இன்டர்ன் எழுதினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கூட வந்த குருதான் (அவரைத் தத்தெடுத்து வழிநடத்தும் மூத்த திருநங்கை) என்னிடம் சொன்னார்: "எங்க வூட்டுல நாப்பது நாளைக்குப் பால் இல்லம்மா."

இதில் சண்டை போட ஒன்றுமே இல்லை. புண் ஆற நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு கைப்பிடி மல்லாட்டையில் (வேர்க்கடலை) 7. பருப்பு, சுண்டல், கோழிக்கறி இருக்கவே இருக்கின்றன. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். குருவையும் உட்காரவைத்து "எதெல்லாம் ஆகாது?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள், சமைப்பதும் பார்த்துக்கொள்வதும் அவர்தான். முக்காமல் மலம் போக நார்ச்சத்தும் தண்ணீரும் முக்கியம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் எந்த நாளானாலும் உடனே ஆஸ்பத்திரி.

கத்திரி வெயிலில் எல்லாருக்கும் இளநீர்

திருநங்கைகள் ஆண் ஹார்மோனைக் குறைக்க எடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளவயதுக்காரருக்குப் பெரும்பாலும் தொந்தரவில்லை. சிறுநீரகக் கோளாறோ, எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரையோ கூட இருந்தால் பொட்டாசியம் நிறைந்த இளநீரை எழுதும் முன் ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். பொட்டாசியம் கலந்த 'குறைந்த சோடியம்' உப்பும் அப்படியே. தலைசுற்றல் என்று வருகிறவரிடம் உப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அந்த மாத்திரை ஏற்கெனவே உப்பையும் நீரையும் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

திருநங்கை என்றதும் எச்.ஐ.வி. என்று நினைப்பது

நினைக்காதீர்கள். இருக்கிறது என்று அவரே சொன்னால், டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். வெறும் வயிற்றில் அதோடு கால்சியம், இரும்பு மாத்திரை சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் அந்தச் சத்து மாத்திரைக்கு டொலுடெக்ராவிர் இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் பின்னால்.

அடுப்பில்லாத அறைக்கு அடை எழுதுவது

வீடு கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். கிடைப்பது மாடியில் ஒற்றை அறை, சமைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. சார்ட் எழுதும் முன் சமைக்க இடம் இருக்கா என்று கேளுங்கள். மின்சாரக் கெட்டில் இருந்தால் அதில் முட்டை வேகும். பொட்டுக்கடலை, வறுத்த மல்லாட்டை, வாழைப்பழம், தயிர் பாக்கெட்டுக்கு அடுப்பு வேண்டாம்.