குத்தகை நிலத்தைத் திரும்பப் பெற: நீலகிரி நில உரிமையாளர்களுக்கு

குத்தகைச் சீட்டில் எழுதிய கெடு முடிந்தும் ஆள் காலி செய்யவில்லையா? அதற்காக வேலியடைக்கவோ நிற்கிற பயிரை உழவோ போகாதீர்கள். வலுவில் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் சுவாதீனம், அதாவது நிலத்தின் கைவசம், அவரிடமே திரும்பிப் போகும்.

நிலத்தில் இறங்கி வேலை செய்வது யார்? வழக்கின் போக்கையே இதுதான் தீர்மானிக்கிறது. குத்தகைதாரரோ அவர் வீட்டாரோ களையெடுத்து, மண் அணைத்து உடலுழைப்பு தந்தால், 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவரைக் காக்கும். கெடு முடிந்ததை மட்டும் சொல்லி அவரை வெளியேற்ற முடியாது. ஆட்களை வைத்துக் கேரட் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ஜீப்பில் வந்து பார்த்துப் போகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்மீது உரிமையியல் நீதிமன்றத்தில் சுவாதீன வழக்கு. வாடகை அதிகாரியிடம் மனுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். அந்த அதிகாரிக்கு அதிகாரம் தரும் 2017 வாடகைச் சட்டம் கட்டடங்களுக்கானது.

சாகுபடிக் குத்தகைதாரர் என்றால் மனு கோட்டாட்சியரிடம். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என மூன்று கோட்டங்கள். குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் கடந்தும் பாக்கி, நிலத்துக்குச் சேதம், சாகுபடியை அடியோடு கைவிடுவது, விவசாயம் அல்லாத உபயோகம், உங்கள் உரிமையையே மறுப்பது ஆகியவை காரணங்களாகும். படிவரப்பின் கல்கட்டை உடைத்தது சேதம். டென்ட் போட்டு ஆள் தங்கவைத்தது வேறு உபயோகம். தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பாக்கி வழக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பாக்கியைக் கட்ட கோட்டாட்சியர் அவகாசம் தரலாம். அதற்குள் செலவோடு கட்டிவிட்டால் குத்தகை தொடரும். ரசீது இல்லாமல் கையில் வாங்கிய பழக்கமும் இங்கே எதிராகத் திரும்பும், எது பாக்கி என்றே நிரூபிக்க முடியாது.

உரிமையியல் வழக்கில் வேறு இரண்டு பள்ளங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் பதிவாகாவிட்டால் அதன் நிபந்தனைகளைச் சாட்சியமாகக் காட்ட முடியாது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிய பிறகு அடுத்த போகத்துக்குப் பணம் வாங்கினால், குத்தகையைப் புதுப்பித்துவிட்டீர்கள் என்பார்கள். கூடலூர் ஜன்ம நிலமானால் (முன்பு ஜன்மிகள் என்ற பெருநில உரிமையாளர்களிடம் இருந்த நிலம்), 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டப்படி அதன் நிலை என்ன என்று பார்க்காமல் எந்த மனுவும் போடாதீர்கள்.

பேசித் தீர்ந்தால் அதுவே நல்லது. கேரட் எடுக்க மூன்றரை, நான்கு மாதம் ஆகும். அறுவடை வரை விட்டுக்கொடுங்கள். சர்வே எண், பரப்பு, ஸ்பிரிங்ளர் குழாய்கள் எத்தனை, ஒப்படைத்த நாள் எல்லாவற்றையும் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து வாங்குங்கள்.